கோணிக்கு ஒரு சட்டம் இருக்கு, மற்றதுக்கு?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லைப் பிடிக்கிறார்களே, அந்த 40 கிலோ சாக்கு, அதைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். சணல். பிளாஸ்டிக் சாக்கு அதைவிட விலை குறைவு, எடையும் குறைவு. அப்புறம் ஏன் அரசாங்கம் சணலை வாங்குகிறது? பாசத்தால் இல்லை. 1987-ல் போட்ட ஒரு சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இன்றைய நிலையில் உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் 20 சதவீதத்தையும் சணல் சாக்கில் கட்ட வேண்டும். தட்டுப்பாடு வரும் பருவத்தில் பிளாஸ்டிக் சாக்குக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள், அது வேறு கதை. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி ரூபாய்க்குச் சணல் சாக்கு வாங்குவதாக மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. வங்காளம், பீகார், அசாம் பக்கம் 40 லட்சம் உழவர் குடும்பங்கள் அதை நம்பி நிற்கின்றன.

ஆரம்பத்தில் சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்கூட இந்தக் கட்டாயம் இருந்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். சட்டம் செல்லும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. பிறகு சிமென்ட்டும் உரமும் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. இப்போது சிமென்ட் எந்தப் பையில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். டெண்டர் எடுத்தவர்களுக்குக் கடன் கொடுத்து, அவர்கள் கொண்டுவரும் ஆர்டர் காகிதங்களைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. குறைந்த விலை சொன்னவனுக்குத்தான் ஆர்டர், சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் 1998-லிருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் விலைப் போட்டி நடப்பது டெண்டரில் எழுதிய விவரக்குறிப்புக்குள் அடங்குகிறவர்களுக்கு நடுவில் மட்டும்தான். 'சணல் சாக்கு' என்று எழுதிவிட்டால் பிளாஸ்டிக்காரன் எவ்வளவு குறைத்தாலும் உள்ளே வர முடியாது. ஆக, முடிவு எடுக்கப்படுவது விலைப் பெட்டி திறக்கிற அன்றைக்கு இல்லை. அதற்குப் பல மாதம் முன்னால், யாரோ ஒருத்தர் மேஜையில், ஒரு வரியில்.

அந்த ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தேசியக் கொடியைப் பாருங்கள். கையால் நூற்று, கையால் நெய்த துணிதான் கொடி என்று விதி இருந்தவரை கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் ஒரு கதர் சங்கம் அதை வைத்தே பிழைத்தது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்றார்கள். அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தபோது சங்கத்தார் எதிர்பார்த்த அளவுக்கு ஆர்டர் வரவில்லை. பருத்தி அப்படியே இருந்தது, ராட்டையும் இருந்தது. வரிதான் போய்விட்டது.

சரி, இனி எல்லா இடத்திலும் 'தாவரப் பொருள், விலங்குப் பொருளுக்கு முன்னுரிமை' என்று எழுதிவிட்டால் போதுமா? அமெரிக்காவில் 2002 வேளாண் சட்டத்திலேயே அப்படி எழுதிவிட்டார்கள். பொருளில் உயிர்ப்பொருளின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்த்து, அளவு தேறினால் அரசு அலுவலகங்கள் அதை வாங்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பேரணாம்பட்டில் இருந்துகொண்டு என்னால் அதை அப்படியே கும்பிட முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பிழைப்பே தோல்தான். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் நூற்றுக்கு நூறு விலங்குப் பொருள், வருஷா வருஷம் புதிதாக வருவது. சதவீதக் கணக்குப் பார்த்தால் முதல் மார்க் அதற்குத்தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். அந்த வகைத் தோலுக்குப் புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது, முழுதாக முடித்த தோலுக்குச் சலுகை கொடுத்தது. சீக்கிரம் முடிகிற குரோமியப் பதனிடல் பரவியது. அதுவும் அரசாங்கம் எழுதிய வரிதான்.

பாலாறு என்ன ஆனது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், தோல் பட்டையில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழ் என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது. 2001-ல் இழப்பீடு நிர்ணயித்தார்கள்: 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம். பழைய பழக்கத்தில் வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு 9,200 ரூபாய்கூடத் தேறவில்லை. கிணறு போனவனுக்கு இது ஒரு மோட்டார் ரிப்பேர் காசு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது.

அதனால் என் கட்சி இதுதான். எதிலிருந்து செய்தாய் என்று மட்டும் கேட்கிற விதி பாதி விதி. எப்படிச் செய்தாய், கழிவுத் தண்ணீரை எங்கே விட்டாய் என்றும் டெண்டரில் கேட்க வேண்டும். அரசாங்கம் போலீஸ்காரருக்கு பூட்ஸ் வாங்குகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்குகிறது. அதில் ஒரு பங்கு பட்டைப் பதனத் தோலாக இருக்க வேண்டும், கழிவுநீர்க் கணக்கோடு வர வேண்டும் என்று எழுதட்டுமே. பட்டைப் பதனத்தைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. அதுவும் தண்ணீர் கேட்கும், உப்பு கேட்கும், அதன் கழிவையும் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். ஆனால் நிலத்தில் குரோமியம் இறங்காது. என் தெருவில் பாதி வீடு தோல், ஷூ வேலையில் சோறு சாப்பிடுகிறது. தொழிலை மூடு என்று சொல்கிறவன் நான் இல்லை.

நம் தென்னைக்கு வருவோம். 2020-ல் கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்பு போட 7 மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் ஒதுக்கினார்கள், தமிழ்நாட்டுக்கு 369. முடியாது என்று இருந்தது விவரக்குறிப்பில் ஏறியவுடன் முடிந்தது. அப்படியானால் அரசு நாற்றங்காலில் மாங்கன்றும் கொய்யாக்கன்றும் ஏன் இன்னும் கறுப்பு பாலித்தீன் பையில் வருகின்றன? 2019 ஜனவரி 1 முதல் கடைக்காரனுக்குப் பிளாஸ்டிக் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றோம். கன்று நட்ட அன்றைக்கு என் வரப்பில் குவிகிற கறுப்புப் பைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. நார்த் தொட்டி விலை கூடத்தான். வாங்குகிறவன் லட்சக்கணக்கில் வாங்கினால் அந்த விலை இறங்கும்.

இன்னொன்று, பணம். நான் வேலையில் இருந்தபோது பாக்குமட்டைத் தட்டு செய்கிற ஒரு மகளிர் குழுவுக்கு இயந்திரக் கடன் கொடுத்தோம். ஓர் அரசு அலுவலகம் பெரிய ஆர்டர் கொடுத்தது. அந்த அம்மாக்கள் ராவும் பகலுமாக அடித்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் பில் பாஸானது. அதற்குள் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. எந்த மகளிர் குழு அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும்? நேரத்துக்குப் பணம் வராத ஆர்டரைத் தாங்கப் பெரிய கம்பெனியால்தான் முடியும். ஆகவே முன்னுரிமை கேட்கும்போதே இரண்டு விஷயம் சேர்த்துக் கேட்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விடாமல் வட்டார அளவில் சிறு ஆர்டர்களாகப் பிரிக்கணும், முன்பணம் தரணும்.

மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வேளாண் பட்ஜெட்டுக்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டமும் வைக்கிறார்கள். நாம் போய் உரத் தட்டுப்பாடு, பயிர்க்கடன், யானை, பன்றி என்று பேசிவிட்டு வருகிறோம். பேச வேண்டியதுதான். இந்த முறை ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு மனு கூடுதலாகப் போகட்டும்: அரசு நாற்றங்காலுக்கான கொள்முதல் விவரக்குறிப்பில் 'பாலித்தீன் பை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'வட்டாரத்தில் செய்த தென்னை நார்த் தொட்டி, 45 நாளில் பணம்' என்று எழுதுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.