வாயில்லா உயிரின் அரிப்பு



ஏழை இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கின்றோம். செல்வனுக்கு வராத நெருக்கம் நாய்க்கு வந்தது. ஆனால் அந்த நாய்க்கே சொறி கண்டு, இரவெல்லாம் அரித்துத் துன்புறும்பொழுது அதன் நாக்கே அதற்குக் கேடாகின்றது. தோலில் எதைப் பூசினாலும் அதை நக்கி விழுங்கிவிடுகின்றது.

புதுச்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர். சொறி கண்டால் மண்ணெண்ணெயோ வண்டியின் கழிவு எண்ணெயோ பூசும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. இவை தோலைப் புண்ணாக்கும். நக்கும் நாயின் வயிற்றையும் நுரையீரலையும் கெடுக்கும். மனிதருக்கான களிம்புகளிலும் நாய்க்கு நஞ்சானவை உண்டு.

நக்கினாலும் வீணாகாத வழிகள் இன்று பல உள்ளன. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் உரிய சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலின்மீது விடுவர். அது தோலின் எண்ணெய்ப் பசையோடு உடலெங்கும் பரவும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டலாகாது. மருந்துச் சோப்பு நீரானால், சுமார் 10 நிமிடம் நுரையோடு ஊறவிட்டு நன்றாக அலச வேண்டும். உள்ளே விழுங்கும் மாத்திரைகளும் உண்டு. ஒவ்வாமையால் வரும் அரிப்புக்கு, அரிப்பு உணர்வைத் தூண்டும் புரதத்தையே தடுத்து நிறுத்தும் லோகிவெட்மாப் என்னும் ஊசி மருந்துக்கு ஐரோப்பாவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடுவது அது.

எந்த வழி ஏற்றது என்பது அரிப்பின் காரணத்தைப் பொறுத்தது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சொறிப்பூச்சி தெரியவரக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள். நாமக்கல்லில் 1985-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே உள்ளது. நாய்க்குரிய சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் விடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது பூனையின் உயிரையே பறிக்கும்.

பிள்ளைகளைப் பெற்றோரே, இன்னொன்றும் கேளுங்கள். நாயைக் கட்டியணைத்து உறங்கும் குழந்தைக்கும் அச்சொறிப்பூச்சி அரிப்பைத் தரக்கூடும். நாயின் நோயைத் தீர்ப்பது வீட்டையும் காப்பதாகும்.

அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாள். அன்று திருப்பலி முடிந்து வெளியே வருகையில், ஆலய வாசலில் சொறியோடு ஒரு நாய் படுத்திருக்கலாம். கல்லெடுக்கும் சிறுவனின் கையைத் தடுப்போம். அதை மருத்துவரிடம் சேர்க்க இருவராவது முன்வருவோம்.