பொய்த் தீயில் பழகும் கை



பொறியியற் கல்லூரிகளின் விளம்பரங்களில் அண்மைக் காலமாக ஒரு படத்தை அடிக்கடி காண்கிறோம். கண்களை முழுதும் மறைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வெற்றுவெளியில் கைகளை நீட்டி நிற்கும் மாணவர் படம் அது. 'வர்ச்சுவல் ரியாலிட்டி' எனப்படும் மெய்நிகர் காட்சியின் வழியே இயந்திரங்களைக் கற்பிக்கிறார்களாம். பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோருள் சிலர் இதைக் கண்டு வியக்கின்றனர். சிலர் வேடிக்கை என்று ஒதுக்குகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது நம் எண்ணம்.

இம்முயற்சி நேற்று முளைத்ததன்று. ஆர்மோனியத்தின் உயிர் அதன் துருத்தியில் இருப்பதை ஆலயப் பாடகர் குழுவினர் நன்கு அறிவர். அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். அவர் ஆர்கனுக்குரிய துருத்திகளையும் காற்று விசையையும் கொண்டே, தரையை விட்டு எழாத ஒரு சிறு விமானத்தை 1929-இல் செய்து முடித்தார். உள்ளே அமர்ந்தவர் பிடியைத் திருப்பினால் அது சாயும், குனியும், சுழலும். தொடக்கத்தில் அதனை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்களே! 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றபோது, கடுங்குளிரிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத இளைஞர் பலர் சில வாரங்களுக்குள் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்க்கின் கருவிகள் ஆறனை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகின.

தலையில் அணியும் கணிப்பொறிக் காட்சிக் கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968-இல் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கும் கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றோ கைப்பையில் அடங்குகிறது. ஆயினும் லிங்க்கின் துருத்திப் பெட்டி கற்பித்த பாடமே இன்றும் அளவுகோல்: தவறு செய்யலாம், தவறு உடனே தெரியும், உயிர் போகாது.

வெல்டிங் எனும் பற்றவைப்புத் தொழிலை எடுத்துக்கொள்வோம். மின்சுடரைக் கண்கொண்டு பார்த்தால் கண் புண்ணாகும். கம்பியின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டரே இருத்தல் வேண்டும். நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் சுடர் அணையும். சாய்வும் வேகமும் மாறாமல் கை ஊர்ந்து செல்ல வேண்டும். இதைக் கற்பதற்குள் மாணவர் வீணாக்கும் தகடும் கம்பியும் கொஞ்சமல்ல. இதற்கென அமைந்த மெய்நிகர் கருவியில் முகக்கவசத்துக்குள் சிறு திரைகள் உண்டு. கையிலுள்ள பிடியின் இடத்தையும் சாய்வையும் உணர்கருவிகள் நொடிதோறும் அளக்கின்றன. சில கருவிகளில் கம்பி உருகிக் குறைவதுபோல் அதன் நுனி உள்வாங்கவும் செய்யும். வேலை முடிந்தபின், எந்த இடத்தில் கை தடுமாறியது என்பதைத் திரை கோடிட்டுக் காட்டும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் இத்தனை நுணுக்கமாகத் தெரியாது.

ஆகவே இத்தகைய கருவியை வடிவமைப்போர் அழகிய காட்சிகளை வரைவதற்கு முன், பட்டறையில் இரண்டு வாரம் நின்று, மாணவர் எங்கெங்கே தவறுகின்றனர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் ஒழுங்காக ஓடிக்காட்டுமானால் அது திரைப்படமே. அதற்குத் தலையில் பெட்டி எதற்கு? கற்பனைக் கடைசல் இயந்திரத்தில் இரும்பைத் தவறாகப் பிடித்தால் அது பிடி நழுவித் தெறிக்கத்தான் வேண்டும். உடலின் இயல்பும் கவனிக்கத்தக்கது. கண் ஓடுவதாகச் சொல்ல, காதின் உட்பகுதி நிற்பதாகச் சொன்னால் தலைசுற்றும், குமட்டும். காட்சி தலையசைவுக்குச் சற்றே பிந்தினாலும் இத்தொல்லைதான். நன்றாகச் செய்த பாடங்களில் மாணவர் தம் கால்களாலேயே நகர்வர்; பாடமும் சில நிமிடங்களில் முடியும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் இதே வெல்டிங் பயிற்சியை ஆராய்ந்தனர். பாதி நேரம் மெய்நிகர் கருவியிலும் பாதி நேரம் உண்மைத் தீயிலும் பழகியவர்கள், பழைய முறையில் மட்டும் பழகியவர்களைவிடச் சிறந்தனர். முழு நேரமும் மெய்நிகரிலேயே பழகியவர்களோ எளிய பணிகளில் ஈடுகொடுத்தனர். மிகக் கடினமான இணைப்பு வந்தபோது பின்தங்கினர். வெப்பமும் புகையும் கையின் நடுக்கமும் திரைக்குள் முழுதும் வருவதில்லை அன்றோ?

நம் நாட்டிலும் மத்திய கல்வி அமைச்சின் ஆதரவில், தில்லி ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில், 'வர்ச்சுவல் லேப்ஸ்' என்னும் இணையவழி ஆய்வுக்கூடங்கள் நடைபெறுகின்றன. தலைப்பெட்டி ஏதுமின்றி, சாதாரணக் கணிப்பொறியிலேயே மாணவர் சோதனைகளைச் செய்து பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லாத சிற்றூர்க் கல்லூரிக்கு இது பெருந்துணை. ஆனால் செலவைக் குறைக்க எண்ணும் நிர்வாகத்துக்கு, பட்டறையையே பூட்டிவிட இது சாக்காகிவிடக் கூடாது. நகை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துப் பிள்ளை, வேலைக்குச் சென்ற முதல் நாளில்தான் உண்மை இரும்பைத் தொடுவதென்றால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

சேர்க்கைக்காகச் செல்லும்போது அந்தப் பெட்டியைப் பிள்ளை தானே அணிந்து பார்க்கட்டும். வேண்டுமென்றே ஒரு தவறு செய்து என்ன நிகழ்கிறதென்று கவனிக்கட்டும். பட்டறையில் ஒவ்வொரு மாணவருக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.