வயல் ஞாபகமும் குத்தகைச் சீட்டும்

பிள்ளைப் பிராயத்தில் தகப்பனார் வயலில் ஓடியாடியதைப் பற்றி எழுதுவது பட்டணவாசிகளுக்கு இப்போது பிரியமான காரியமாகிவிட்டது. தாமிரபரணிக் கரையில் பிறந்தோர் இதில் யாருக்கும் இளைத்தவர்களல்லர். நாமும் விக்கிரமசிங்கபுரத்தில் நஞ்சை நிலமுள்ள குடும்பத்தில் வளர்ந்தவரே. அவ்வெழுத்துக்களின் இனிமையைக் குறைத்துப் பேச நாம் முன்வரவில்லை. ஆனால் அவற்றில் பெரியதொரு மறதி இருக்கிறது.

நமது வயலுக்கு வடக்குக் கோடைமேலழகியான் காலில் தண்ணீர் வந்தது. ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார். ஐப்பசி மழை பிடித்தால் பிசானம். ஆலைச் சங்கு ஊதியதும் கஞ்சிக் கலயம் வரப்புக்கு வரும். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவி நீரின் பலத்தை நம்பித் தொடங்கிய பஞ்சாலையின் சங்கு அது; நூல் நூற்றவர்களுக்கு மட்டுமா, நாற்று நட்டவர்களுக்கும் அதுவே கடிகாரம்! கொட்டும் மழையில் ஏர் பிடித்தவர் யார்? இடுப்பொடியக் குனிந்து நட்ட பெண்கள் யார்? நள்ளிரவில் மடை காத்தவர் யார்? நம் வீட்டார் குடை பிடித்து வரப்பில் நின்றார்கள். பொலி அளக்கும் தினத்தில் மரக்காலருகே அமர்ந்தார்கள். எத்தனை கோட்டை நெல் நம் வீடு வந்து சேர்ந்தது என்பது நமக்கு ஞாபகமிருக்கிறது. உழுதவர் வீட்டுக்கு எவ்வளவு போயிற்று என்பதை எந்த ஞாபகக் கட்டுரையிலும் நாம் கண்டதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. இருந்தும் சென்னையிலும் மும்பையிலும் குடியேறிவிட்ட நிலக்காரர் பலர் இன்றும் வாய்ப்பேச்சிலேயே குத்தகை விடுகிறார்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். வக்கீல் தொழிலில் இருக்கும் நாம் அவ்வச்சத்தை முழுதும் வீண் என்று தள்ளமாட்டோம். குத்தகை வழக்குகள் வருஷக்கணக்கில் இழுப்பது உண்மைதான். ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பவர் யார்? பதிவில்லாத உழவர் கூட்டுறவுக் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைந்து திரிகிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழையால் ஆறு கரைபுரண்டு வயல்கள் முழுகினபோது, நஷ்டம் பயிரிட்டவருடையது. பட்டாவோ ஊரிலில்லாதவர் பேரில்!

வெளியூர் நிலக்காரர்கள் தம் குத்தகைதாரரை 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாமே முன்வந்து பதிவு செய்து கொடுக்க வேண்டும். அடுத்த காருக்குத் தண்ணீர் திறக்குமுன் இது நடந்தாக வேண்டும். மறுப்பவர் பேரில் சர்க்கார் கிராமந்தோறும் விசாரணை நடத்தட்டும்.