காஸ் எங்கே போகிறது?

என்னிடமுள்ள வான் 1998ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. முன்னும் பின்னும் குளிரூட்டி பொருத்தப்பட்ட, நம்மூரார் 'டொல்பின்' என்றழைக்கும் இனம். செய்தி தேடி ஓடிய நாட்களில் பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரை என்னைச் சுமந்தது. இப்போது உறவினரில் எவரையேனும் மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கே பெரும்பாலும் வெளியே எடுக்கிறேன்.

கச்சான் காற்று வீசத் தொடங்கும் மே மாதத்தில், மூன்று வருடங்கள் தொடர்ந்து ஏசியில் குளிர் குறைந்தது. மூன்று முறையும் ஒரே கராஜ், ஒரே பதில்: “காஸ் கொறஞ்சிட்டு காக்கா, அடிச்சாச் சரி.” அடித்தார்கள், சரியானது, சில மாதங்களில் பழையபடி. மூன்றாம் வருடம் மாமியை மகரகமவுக்குக் கொண்டு செல்கையில், மொனராகலைக்கு அப்பால் ஏசி வெறும் சூட்டை ஊதியது. மாமி ஒரு குறையும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அந்தக் கராஜில் கேட்க வேண்டிய ஒரேயொரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தேன்: அடித்த காஸ் எங்கே போகிறது?

டீசல்போல் எரிந்து தீர்வதன்று அது. மூடிய குழாய்களுக்குள் திரவமாயும் வாயுவாயும் மாறி மாறிச் சுற்றி வருவது. பழைய வாகனத்தில் இரப்பர்க் குழாய், கொம்பிரசர் சீல் ஆகியவற்றினூடாகச் சொற்பம் கசியும். அது தெரியவரப் பல வருடங்களாகும். வருடந்தோறும் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டுக் காஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான்.

நமது கரையோரத்தில் அந்த ஓட்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சரின் அலுமினியத் தகடுகள் உப்புக் காற்றை நேராக வாங்குகின்றன. பின்பக்க ஏசி உள்ள வான்களில் குழாய்கள் தரையின் அடியால் ஓடுகின்றன. சேறும் உப்பும் அங்கேதான் தங்கும். என் வானில் அரிப்பு இருந்ததும் அங்கேதான். சாய்ந்தமருதில் ஓர் இளைஞர் கண்டுபிடித்தார். காஸோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டையைச் சுற்றித் தூசி பிசுபிசுவென ஒட்டியிருந்தது. நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நீர் பூச, குமிழ் கிளம்பிற்று.

பிறகு அவர் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மாற்றினார், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். வெக்கியூம் பம்பை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு நிறுத்தி, முள் அசைகிறதா என்று காத்திருந்தார். உள்ளே காற்றும் ஈரமும் எஞ்சினால் குளிரும் குறையும், உலோகமும் அரிக்கும். இறுதியில் தராசில் வைத்து, வாகனத்துக்குக் குறித்த நிறையளவே காஸ் ஏற்றினார். முன்னைய கராஜில் தராசையே நான் கண்டதில்லை. கூடுதலாக அடித்தால் கூடுதல் குளிர் என்பது தவறு. அமுக்கம் ஏறிக் கொம்பிரசர்தான் கெடும்.

சிலிண்டரில் இருப்பது இன்னதென்று தெரிவதும் முக்கியம். 2011இல் போலியான ஆர்-134ஏ அடிக்கப்பட்ட குளிர்க் கொள்கலன்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர் மாண்டனர். போலியில் கலந்திருந்த மீதைல் குளோரைட்டு அலுமினியத்துடன் சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளை உண்டாக்கியிருந்தது.

இன்னொன்று. பழைய ஆர்-12 ஓசோனை அழித்தது. 1987ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கை அதை ஒழிக்க வழி செய்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1400 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் 1.4 தொன்னுக்குச் சமம். 2016இல் கிகாலியில் எடுத்த முடிவு இந்தக் காஸையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. மூன்று வருடங்களாக நான் காசு கொடுத்து ஆகாயத்தில் விட்டது இதைத்தான்.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. விலையைக் கேட்ட பிறகு பழையதைப் பேணுவதே புத்தி என்றாயிற்று. கொண்டென்சரை வாரமொருமுறை நல்ல தண்ணீரால், அமுக்கமில்லாமல் கழுவுகிறேன். மாரி காலத்திலும் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறேன். அப்போதுதான் கொம்பிரசர் சீல் காயாது. அடுத்த மாதம் மாமிக்கு மீண்டும் மகரகமவில் கிளினிக் இருக்கிறது.