குங்குமப்பூப் பாலும் சிவப்பு மாத்திரையும்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கர்ப்பிணிகளுக்கு உங்கள் துறை இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரை பற்றியது இந்த மடல். மாத்திரையில் குறையில்லை. 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம், நல்ல மருந்துதான். அதை எதோடு விழுங்குகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

என் தம்பி மகளுக்கு இது ஐந்தாம் மாதம். இரவு படுக்கப்போகும் முன் எங்கள் அம்மா பசும்பாலைச் சுண்டக் காய்ச்சி, குங்குமப்பூ போட்டுப் பெரிய டம்ளரில் நீட்டுவார். தண்ணீரில் போட்டால் குமட்டுகிறது என்று இவள் அந்தப் பாலில்தான் மாத்திரையை விழுங்குவாள். கையோடு கால்சியம் மாத்திரையும். இரண்டும் ஒரே கவரில் வந்தவை. இடைவெளி விட்டுப் போட வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாத்திரை எண்ணிக் கொடுத்த பெண்மணியும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு நீள வரிசை; அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மி.கி. கால்சியம் உண்டு. எருமைப்பாலில் இன்னும் கூடுதல். இந்தக் கால்சியம் குடலில் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கிறது. பாலின் கேசீன் புரதமும் தன் பங்குக்கு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உணவோடு 165 மி.கி. கால்சியம் சேர்ந்தாலே இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்குமேல் குறைந்ததை 1991-ல் சுவீடனின் ஹால்பெர்க் குழுவினர் காட்டினார்கள். நாள் முழுக்கச் சாப்பிடுவதைச் சேர்த்துப் பார்த்தால் பாதிப்பு இவ்வளவு இராது என்பது உண்மைதான். ஆனால் மாத்திரை நாளுக்கு ஒருமுறை. அந்த ஒருமுறையும் பாலோடு போனால்?

ஆட்டுப்பால் குடித்தால் ரத்தம் ஊறும் என்று இப்போது ஒரு பேச்சு. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் சோகை பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், இரும்பு சேர்வதில் பசும்பாலைவிட ஆட்டுப்பால் மேலாக இருந்தது. எலிகளுக்கு. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு வேறுவகைச் சோகை வந்ததை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி குழந்தைக்குச் சேர்கிறது. பசும்பாலில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே அதிகம். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாக்கக் கூடாது என்பது இதனாலும்தான். "பால் எவ்வளவு கொடுத்தாலும் குடிப்பான், சோறுதான் இறங்காது" என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளின் கண் இமையை இழுத்துப் பாருங்கள், பல நேரம் வெளுத்திருக்கும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பால் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பாலை நிறுத்தச் சொல்லவும் இல்லை. கர்ப்பிணிக்குப் பால் வேண்டும். சாயங்காலம் குடிக்கட்டும். இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடட்டும். கால்சியம் பகலில். டீ, காபி அருகில் வேண்டாம்.

கேட்பது இரண்டே. இரும்புக்கும் கால்சியத்துக்கும் வெவ்வேறு நிறக் கவர். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய, ஒன்றில் நிலாவும் மற்றதில் சூரியனும், இரும்புக் கவரில் குறுக்குக் கோடு போட்ட பால் டம்ளர் படமும். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது அந்தக் கவரைக் கர்ப்பிணியிடம் மட்டும் காட்டாமல், பால் காய்ச்சும் மாமியாரையும் அம்மாவையும் உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.