சிஆர்பிஎஃப் ராணுவமா? பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம்... பென்ஷனில் தெரியும் வித்தியாசம்!

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதலில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் உயிரிழந்தபோது, ‘ராணுவ வீரர்களுக்கு வீரவணக்கம்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் ஏராளம். ஆனால், அவர்கள் ராணுவத்தினர் இல்லை.

யூனிஃபார்மும் துப்பாக்கியும் இருந்தால் ‘மிலிட்டரிக்காரர்’ என்று சொல்லிவிடுவது நம்ம ஊர் வழக்கம். அரசின் கணக்கு வேறு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி, சிஐஎஸ்எஃப் போன்றவை மத்திய ஆயுதக் காவல் படைகள். உள்துறையின் கீழ் இருப்பவை. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளில் பிஎஸ்எஃப், சீன எல்லையில் ஐடிபிபி, நேபாளம், பூடான் பக்கம் எஸ்எஸ்பி. ‘எல்லையில் நிற்கிறார்கள்’ என்று நாம் பெருமைப்படும் பலர் இந்தப் படைகளைச் சேர்ந்தவர்கள்தான்.

சரி, யார் கீழே இருந்தால் என்ன?

ரிட்டயர் ஆகும்போது தெரியும். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ் வந்தது. முப்படையினருக்கு அதில் விலக்கு. கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற பழைய பென்ஷன் அவர்களுக்குத் தொடர்கிறது. அதே பனியில் நிற்கும் ஐடிபிபி ஜவானுக்கோ, என்பிஎஸ்-ஸில் மாதம் 10 சதவீதம் பிடித்தம். அரசு 14 சதவீதம் போடும். மீதி சந்தையின் கையில்.

இவையும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய பென்ஷன் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2025 ஏப்ரலில் வந்த யுபிஎஸ், 25 ஆண்டு சர்வீஸ் முடித்தவர்களுக்கு சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்கிறது. பிடித்தம் மட்டும் நிற்கவில்லை.

அதற்காக ராணுவத்தில் சேரும் எல்லோருக்கும் பென்ஷன் என்றும் நினைக்க வேண்டாம். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பட்ஜெட் விவாதத்திலும் இதே குழப்பம். 2025-26-ல் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் சுமார் 1.60 லட்சம் கோடி. ‘ஜவான்களுக்கு இவ்வளவு கொடுத்தாச்சே’ என்று சண்டை போடுபவர்கள், சிஆர்பிஎஃப் பணம் அதில் இல்லவே இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. அது உள்துறைக் கணக்கு.

இந்தப் படைகளுக்கான கான்ஸ்டபிள் (ஜிடி) தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். ‘மிலிட்டரி வேலை’ என்று நம்பி விண்ணப்பிப்பவருக்குக் கிடைப்பது காவல் படை வேலை. பென்ஷன், இப்போதைக்கு என்பிஎஸ் அல்லது யுபிஎஸ்.