890-ஐத் தேடியது போதும்!

"பார்கோடு 890-ல் ஆரம்பித்தால் இந்தியத் தயாரிப்பு, 690-ல் ஆரம்பித்தால் சீனத் தயாரிப்பு. பார்த்து வாங்குங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்!" ஃபார்வர்டு மெயில் காலத்திலிருந்து சுற்றும் இந்தச் சங்கதி வாட்ஸ்அப்பிலும் ஓய்ந்தபாடில்லை. படித்தவர்களே கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

சுத்தப் பொய். 890 என்பது ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு, தன்னிடம் பதிவு செய்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் எண்ணின் தொடக்கம். அந்த நிறுவனம் சரக்கை இங்கே செய்ததா, சீனாவில் செய்து தருவித்ததா என்பதை அது சொல்லாது. நம்பாதவர்கள் ஒரு புத்தகத்தின் பின் அட்டையைப் பார்க்கட்டும். பார்கோடு 978 அல்லது 979 என்று தொடங்கும். அது எந்த நாடாம்? புத்தகங்களுக்கென ஒதுக்கிய எண், அவ்வளவுதான். இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது என்று லேபிளில் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

சரி, இதனால் என்ன கெட்டுவிட்டது? கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அதுதான் கெட்டது.

மளிகைப் பாக்கெட்டில் இருப்பது இஏஎன்-13. மொத்தம் 13 இலக்கம், அதில் கடைசி இலக்கம் பிழை பார்க்க. "இது இன்ன நிறுவனத்தின் இன்ன பொருள்" என்பதற்கு மேல் அதில் இடமில்லை. விலைகூடக் கடைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நேற்றோடு காலாவதியான பால் பவுடருக்கும் இன்று வந்திறங்கியதற்கும் ஒரே கோடுகள். பில் போடும் மெஷின் இரண்டுக்கும் ஒரே மாதிரி "பீப்" என்கும், காசு வாங்கும்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. சரக்குப் பெட்டிகளில் ஒட்டும் ஜிஎஸ்1-128 கோடுகளில் பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டையும் வைக்கலாம். டேட்டா மேட்ரிக்ஸ் என்ற குட்டிச் சதுரம் சில மில்லிமீட்டர் இடத்தில் இதையெல்லாம் அடக்கிவிடும்; அறுவைச் சிகிச்சைக் கருவிகளில்கூடப் பொறிக்கிறார்கள். கார் உதிரி பாகங்களைக் கண்காணிக்க ஜப்பானின் டென்சோ 1994-ல் க்யூஆர் கோடையே உருவாக்கியது. கார் பாகத்துக்கு 1994-லேயே கிடைத்த கவனிப்பு குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் பவுடருக்கு இன்னும் கிடைக்கவில்லை!

"தேதிதான் அச்சிட்டிருக்கிறதே?" என்பார்கள். மடிப்புக்குள், மங்கிய புள்ளி எழுத்தில். அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியுமா? தெரிந்தாலும் மெஷினுக்குத் தெரியாதே!

சட்டம் வந்தால் நடக்கும் என்பதற்கு மருந்தே சாட்சி. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகள், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அடங்கிய பார்கோடு அல்லது க்யூஆர் கோடு தாங்கி வர வேண்டும். 300-க்கு முடிந்தது மற்றதற்கு ஏன் முடியாது?

2027 முடிவதற்குள் கடை மெஷின்கள் சதுரக் குறிகளையும் படிக்க வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. இலக்குதான், கட்டாயமில்லை. வாங்குபவர்கள் சும்மா இருந்தால் அந்தச் சதுரத்திலும் பரிசுப் போட்டி விளம்பரம்தான் வந்து உட்காரும்.

890 தேடும் கூட்டம் இனி கடைக்காரரிடம் இதைக் கேட்கட்டும்: "காலாவதியானதை நீட்டினால் உங்கள் மெஷின் நிறுத்துமா?" ஃபார்வர்டு செய்ய வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.